நிழலுக்குக் கொடுத்த கூடை

லண்டன்
4 அக்டோபர் 1982

மதிப்பிற்குரிய பஞ்சாட்சரம் சார் அவர்களுக்கு,

தாஹிரா எழுதுகிறேன். 1978இல் ஜனவரி முதல் ஜூலை வரை ஜவ்வாது மலையில் நம் நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்திருந்த பினாங்குப் பெண். மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் எனக்குக் கிடைத்தன. முதல் கடிதம் வந்தபோது பரீட்சை நேரம். இரண்டாவது வந்தபோது இங்கே தலைமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இவற்றைக் காரணம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன். நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு மலர் வரப்போகிறது. வெளிநாட்டில் பயிற்சிக்குப் போனவர்கள் அங்கே கற்ற பாடங்களைப் பற்றி ஆளுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும். நான் நெல்லிக்கொல்லைக் கூட்டத்தைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். ஊரே பள்ளிக்கூடத்து முன்னால் கூடி, மாதிரிப் பண்ணைக்கு ஏழு ஏக்கரைத் தர ஒரு மனதாகச் சம்மதித்த அந்தக் காலை என் நினைவில் அப்படியே இருக்கிறது. ஆனால் விவரங்கள் இல்லை. என்ன தேதி, எத்தனை பேர் வந்தார்கள்? எனக்குப் பலாச்சுளை உரித்துக் கொடுத்து, புளி உலுக்கக் கற்றுக்கொடுத்த அம்மாவின் பெயர் என்ன? நான் அவரைப் 'புளியமரத்தம்மா' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

நீங்கள்தான் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பீர்களே! சிரமம் பார்க்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
தாஹிரா


ஜமுனாமரத்தூர்
28 அக்டோபர் 1982

அன்புள்ள தாஹிராம்மாவுக்கு,

தங்கள் கடிதம் 19ஆம் தேதி கிடைத்தது. ஒன்பது நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். நான்கு நாள் பழைய குறிப்பேடுகளைத் தேடியதில் போயிற்று. மீதி ஐந்து நாள், எழுதலாமா கூடாதா என்ற யோசனையில் போயிற்று.

கேட்ட விவரங்களை முதலில் தந்துவிடுகிறேன். கூட்டம் நடந்தது 9 ஜூன் 1978, வெள்ளிக்கிழமை. காலை பத்தே முக்காலுக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிந்தது. ஆண்கள் முப்பத்து நான்கு பேர், பெண்கள் ஒன்பது பேர். ஒரு பெண் பாதியில் எழுந்து போனாள், அவளையும் சேர்த்து ஒன்பது. தங்களுக்குப் பலாச்சுளை கொடுத்தவள் பெயர் பச்சையம்மா. பெயர் மறந்ததில் அவளுக்கு வருத்தம் இல்லை. கடிதத்தைப் படித்துச் சொன்னேன். "பினாங்கு பாப்பாவா? கண்ணாலம் ஆயிடிச்சான்னு கேளு. இன்னும் அதே குச்சி மாதிரிதான் கீதா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இனி எழுதப்போவது தாங்கள் கேட்காதது. இதைத்தான் முன்பும் இரண்டு முறை எழுதினேன். அப்போது அவசரம் இல்லை. இப்போது இருக்கிறது.

ஊர்க்கவுண்டர் ரங்கன் கொடுத்த ஏழு ஏக்கரில் இதுவரை இரண்டு ஏக்கரில்தான் பண்ணை நடந்தது. வருகிற பங்குனியில் மீதி ஐந்திலும் மாட்டுக் கொட்டகையும் தீவனப் புல்லும் வருகின்றன. அந்த ஐந்து ஏக்கரில் பதினொரு புளியமரங்கள் நிற்கின்றன. அவற்றை அறுக்க ஒடுகத்தூரிலிருந்து ஒரு மரக்காரர் வந்து அளந்துவிட்டுப் போனார்.

மரங்கள் பச்சையம்மாவுடையவை. இந்த ஊரில் நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் மரம் இன்னொருவருக்கும் இருக்கலாம். அவளுடைய தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. நிலம் பங்காளி முறையில் ரங்கனுக்குப் போயிற்று, மரம் மகளுக்கு வந்தது. மரத்து நிழலில் சாமை சரியாக விளையாது. அதனால் மரத்துக்காரி வருடந்தோறும் நிலத்துக்காரனுக்கு மரத்துக்கு ஒரு கூடை புளி கொடுக்க வேண்டும். அது நிழலுக்குக் கொடுக்கும் ஈடு. பயிற்சியின்போது தாங்கள் தயாரித்த நிலக் கணக்கெடுப்பு அறிக்கையில் இதைக் குத்தகை வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள்: 'மரங்கள் நில உரிமையாளருடையவை, ஒரு விதவை அவற்றை வாரத்துக்கு எடுத்து அனுபவிக்கிறாள்.' கொடுக்கிற கூடையே மரம் தன்னுடையது என்பதற்கு அவளிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி. அறிக்கையில் அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

புதிய டைரக்டர் கெட்டவர் அல்லர். "அறிக்கையை எழுதியவர் தவறு என்று ஒரு வரி எழுதினால் மரங்களைத் தொடமாட்டேன்" என்கிறார். அந்த ஒரு வரியைத் தாங்கள் எழுத முடியுமா? கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் நலம் விரும்பும்,
பஞ்சாட்சரம்


லண்டன்
22 நவம்பர் 1982

பஞ்சாட்சரம் சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பச்சையம்மா. இனி மறக்க மாட்டேன். கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லுங்கள். குச்சி கொஞ்சம் தடித்துவிட்டது என்றும் சொல்லுங்கள்.

ஆனால் சில கேள்விகள் இருக்கின்றன, கோபிக்கக் கூடாது. 1978 மார்ச்சில் அந்தப் பதினொரு கூடைகள் ரங்கன் வீட்டு வாசலில் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். எதற்கு என்று ரங்கனைக் கேட்டேன். "என் நெலத்துல நிக்கிற மரம்மா, குடுக்காம இன்னா பண்ணுவா?" என்றார். பார்த்ததையும் கேட்டதையும் எழுதினேன். பயிற்சிக்கு வந்த இருபத்து மூன்று வயதுப் பெண் வேறென்ன செய்ய முடியும்?

அறிக்கையில் தவறு வந்தால் திருத்தத்தானே ஜூனில் கூட்டம் போட்டோம்? யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று அப்போதிருந்த டைரக்டர் கேட்டார். நடவடிக்கைக் குறிப்பின் நகல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. 'ஆட்சேபம் எதுவும் இல்லை' என்று அதில் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் நீங்கள், கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. அன்று யாரும் சொல்லாததை நான்கு வருடம் கழித்து லண்டனில் உட்கார்ந்துகொண்டு எந்த ஆதாரத்தில் நான் எழுதுவது? ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள். கட்டாயம் எழுதுகிறேன்.

தாஹிரா


ஜமுனாமரத்தூர்
14 டிசம்பர் 1982

அன்புள்ள தாஹிராம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

ஆதாரம் கேட்டிருந்தீர்கள். 9 ஜூன் 1978 அன்று கூட்டம் முடிந்து அறைக்குத் திரும்பியதும் என் குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். ஆட்சேபம் உண்டா என்று டைரக்டர் கேட்டதும் பச்சையம்மா எழுந்தாள்.

"கோர்ட்டு ஐயா, இந்த வெள்ளக்காரருக்கு ஒண்ணு சொல்லு. நெலம் ரங்கனுது. அவன் குடுக்கறான், குடுக்கட்டும். மரம் என்னுது. எங்கப்பன் எனக்கு வுட்டுட்டுப் போனது. நான் வருசா வருசம் கூட போடறது வாரம் இல்ல, நெழலுக்குப் போடறது. அத்த எழுதிக்கினாரான்னு கேளு."

ரங்கன் சொன்னது: "தே, ஒக்காரு. மரத்த யாரு இன்னா தலைமேல தூக்கிக்கினா போவப் போறாங்க? மாடு வந்தா ஒனக்கும் பாலு கெடைக்கும்."

பின்னால் இருந்து சடையன்: "அதுக்குப் பாலு எதுக்கு? புளித்தண்ணியே போதும்!" எல்லாரும் சிரித்தார்கள்.

பச்சையம்மா: "நீ சிரிடா. ஒன் பொண்டாட்டி எவ வூட்டுப் புளில கொழம்பு வெக்கிறான்னு போய்க் கேளு."

மறுபடியும் சிரிப்பு. டைரக்டர் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: 'ஊருக்கு நல்லது நடப்பதில் அவளுக்குச் சந்தோஷம். இந்த வருடப் புளி விளைச்சலைப் பற்றிச் சிறிது கவலைப்படுகிறாள்.' டைரக்டர் புன்னகை செய்து அவளைப் பார்த்துக் கைகூப்பினார். தான் சொன்னதை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்து அவளும் கைகூப்பினாள். ஐந்து நிமிடத்தில் ரங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நான்கு வருடமாக யோசித்திருக்கிறேன். மேகம் கூடிக்கொண்டிருந்தது, மழைக்கு முன் ஜீப் மலைப்பாதையில் இறங்க வேண்டும். டைரக்டர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரங்கனின் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. சம்மதத்தோடு முடியப்போகும் கூட்டத்தைக் குலைக்கும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு காரணம் ஆகாது. திருப்பத்தூர் கோர்ட்டில் இருபத்தொன்பது வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். கொலைகாரன் சொன்ன வசைச் சொல்லைக்கூட விட்டதில்லை. விட்டால் எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துவிடுவார். அந்தப் பயத்தை நேர்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சென்ற வாரம் புதிய டைரக்டரிடம் போய் இதைச் சொல்லிவிட்டேன். அவர், "அன்று நீங்கள் சொன்னது பொய் என்றால், இன்று சொல்வது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் குறிப்பேடும் நீங்கள் எழுதியதுதானே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். என் வாக்குக்கு மதிப்பு இல்லாமல் நானே செய்துகொண்டேன். இனித் தங்கள் வாக்கு ஒன்றுதான் மீதி.

வெட்கத்துடன்,
பஞ்சாட்சரம்


லண்டன்
11 ஜனவரி 1983

பஞ்சாட்சரம் சார்,

கோபத்தில் எழுதக் கூடாது என்று ஒரு வாரம் பொறுத்தேன். கோபம் போகவில்லை.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று உங்களுக்குப் புரிகிறதா? ஒரு வாக்கியத்தை மாற்றிச் சொன்னீர்கள், என் அறிக்கை முழுதும் பொய்யாகிவிட்டது. அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் எனக்கு இங்கே வேலை கொடுத்தார்கள். நான் தயாரித்த கணக்கெடுப்புப் படிவத்தை இப்போது வேறு இரண்டு நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அங்கேயும் எத்தனை பச்சையம்மாக்களோ! மொழிபெயர்ப்பாளர் என்பவர் ஒரு கண்ணாடி ஜன்னல் மாதிரி இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். நீங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு, வெளியே வெயில் நன்றாக அடிக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அந்த நேரத்தில் நான் ஜீப்பின் பக்கத்தில் நின்று வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பச்சையம்மா பேசியது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். கேட்காத ஒன்றைக் கேட்டதாக நான் எழுதித் தர முடியாது. ஜூன் மாதக் குழுக் கூட்டத்தில் விஷயத்தைப் பொதுவாக எழுப்புகிறேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

தாஹிரா


ஜமுனாமரத்தூர்
2 பிப்ரவரி 1983

அன்புள்ள தாஹிராம்மாவுக்கு,

தங்கள் கோபத்தில் எனக்குச் சேர வேண்டியதை நான் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை.

ஜீப்பின் அருகில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இருந்திருக்கலாம். என் நினைவை நானே நம்புவதில்லை. ஆகவே குறிப்பேட்டைப் பார்த்தேன். கோர்ட்டில் சாட்சி எங்கே நின்றான், வக்கீல் எங்கே நின்றார் என்று படம் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்து பெஞ்சில் இடமிருந்து வலமாக ரங்கன், நான், டைரக்டர், தாங்கள். ஜீப் நூறடி தள்ளி, பலாமரத்தின் கீழ். பச்சையம்மா தங்களுக்கு நேர் முன்னால் நின்றாள். 'பேசும்போது ஒரு கையைத் தாஹிராம்மாவின் தோள்மேல் வைத்திருந்தாள்' என்று கீழே எழுதியிருக்கிறேன். ஏன் அதை எழுதினேன் என்று தெரியவில்லை.

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் தாங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். இது குறிப்பேட்டில் இல்லை. ஆனால் நான் மறக்கவில்லை. முக்கியமானதாக இருந்தால் தாங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். ஒருவேளை, முக்கியமானதாக இருந்தால் இந்த மனிதர் சொல்லியிருப்பாரே என்று தாங்களும் நினைத்திருக்கலாம். பிறகுதான் தாங்கள் எழுந்து வரைபடத்தைச் சுருட்டினீர்கள்.

அந்தக் கூட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் குற்றம் சாட்டவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. எண்ணிக்கையைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

புளி உலுக்கத் தொடங்கிவிட்டார்கள். நல்ல காய்ப்பு. மரக்காரர் பங்குனி நடுவில் வருகிறார். ஜூன் வரை மரம் நிற்காது.

பஞ்சாட்சரம்


லண்டன்
28 பிப்ரவரி 1983

சார்,

ஆம். கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

'நெழலுக்குப் போடறது' என்று பச்சையம்மா சொன்ன அந்த நொடியிலேயே, நான் வாரம் என்று எழுதியது தப்பு என்று புரிந்துவிட்டது. ஆனால் அறிக்கை பன்னிரண்டு நாளுக்கு முன்பே தட்டச்சாகிப் போய்விட்டது. இதுவரை பயிற்சிக்கு வந்தவர்களில் நானே சிறந்தவள் என்று டைரக்டர் எழுதி அனுப்பியிருந்தார். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் பக்கம் நான் எப்போது வாயைத் திறந்தாலும், "நீயும் அவர்களில் ஒருத்திதானே, தாஹிரா" என்று அலுவலகத்து வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். என் தாத்தா வாணியம்பாடியிலிருந்து தோல் வியாபாரத்துக்குக் கப்பல் ஏறியவர். ஊர்க்காரர்களுக்கு நான் வெளிநாட்டுக்காரி. வெள்ளைக்காரர்களுக்கு உள்ளூர்க்காரி. அன்று ஒரு நாளாவது அவர்கள் பெஞ்சில் முழுதாக உட்கார ஆசைப்பட்டேன். உங்கள் வாக்கியம் எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது தெரிந்தே மறைத்தேன் என்று எழுதிக் கொடுத்தால், இதுவரை நான் எழுதிய எந்த அறிக்கையையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஏப்ரலில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது. என்னால் முடியாது, சார். உங்களிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

தா.


ஜமுனாமரத்தூர்
6 ஏப்ரல் 1983

அன்புள்ள தாஹிராம்மாவுக்கு,

தங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கடிதம் மார்ச் 15 அன்று வந்தது. நான்கு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் டைரக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். தங்களுக்குத் துரோகம் செய்கிறேன் என்று தெரிந்துதான் போனேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது சரியான இடத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. வாய்விட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். வரி வரியாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவந்தது. மேசை மேல் இருந்த மரக்காரரின் காகிதத்தைத் தள்ளி வைத்தார். கடைசி வரிக்கு வந்தேன். கிழித்துப் போடச் சொன்ன வரி. ஒரு பெண் நம்பிக் கேட்டதை மீறி இங்கே நிற்கிறேன் என்று என் வாயாலேயே சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வரியை விட்டுவிட்டு, "அவ்வளவுதான்" என்றேன்.

டைரக்டர் நல்லவர், அதனால் எச்சரிக்கையானவர். கணக்கர் கோபால்சாமியைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். சரிதானா என்று கேட்டார். கோபால்சாமி மெதுவாகப் படித்தார். "எல்லாம் சரிதான் சார். கடைசியில ஒரு வரி கீது, அத்த இவர் சொல்லலையே" என்றார்.

அதற்குப் பிறகு டைரக்டர் என்னைத் திட்டவில்லை. கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "மிஸ்டர் பஞ்சாட்சரம், நீங்கள் எப்போதும் ஒரு வரியை விட்டுவிடுகிறீர்கள். இது அழிக்கச் சொல்லி எழுதிய அந்தரங்கக் கடிதம். இதை வைத்து நான் எதுவும் செய்ய முடியாது. அவர் எனக்கு எழுதட்டும்" என்றார். டைரக்டருக்கு ஒரு தந்தி கொடுக்கும்படி அன்றைக்கே தங்களுக்குத் தந்தி அடித்தேன். போளூர் வரை போய் அடித்தேன். கிடைத்திருக்கும்.

மார்ச் 28 காலையில் அறுக்கத் தொடங்கி 30 மாலையில் முடித்தார்கள். பதினொன்றும் போயின.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். மரம் அறுப்பதற்கு முந்தின நாள் பச்சையம்மா கடைசிப் புளியைத் தட்டிக் கோதெடுத்து, எப்போதும் போலப் பதினொரு கூடையைச் சுமந்து ரங்கன் வாசலில் வைத்தாள். ரங்கன் வெளியே வரவில்லை. அவர் மனைவிதான் வாங்கிக்கொண்டாள். இந்த வருடமும் எதற்குக் கொடுத்தாய் என்று நான் கேட்டேன். "நெழல் இந்த வருசமும் வுழுந்துதே, சாமி" என்றாள்.

மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து விலகிக்கொண்டேன். அவர்கள் நிறுத்தும் முன் நானே எழுதிக் கொடுத்தேன்.

பஞ்சாட்சரம்


லண்டன்
13 ஜூன் 1983

திரு. பஞ்சாட்சரம் அவர்களுக்கு,

நம்பி எழுதிய கடிதத்தை நீங்கள் எடுத்துப் போய் ஓர் அலுவலக அறையில் வாய்விட்டுப் படித்திருக்கிறீர்கள். அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பவில்லை. டைரக்டர் பெருந்தன்மையாக அதைக் கோப்பில் சேர்க்கவில்லை. உங்கள் தந்தி கிடைத்தது. அந்த வாரம் நான் ஊரில் இல்லை.

குழுக் கூட்டம் நடந்தது. கணக்கெடுப்புப் படிவத்தில் இனி மரங்களுக்கென்று தனியாக ஒரு பத்தி இருக்கும். என் முயற்சியால் வந்தது. இது சிறிய விஷயம் இல்லை.

ஆண்டு மலரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் கட்டுரை பதினான்காம் பக்கத்தில். உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். உண்மைக்குப் புறம்பாக எதையும் எழுதவில்லை.

பச்சையம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தாஹிரா


ஜமுனாமரத்தூர்
5 ஆகஸ்ட் 1983

அன்புள்ள தாஹிராம்மாவுக்கு,

மலர் கிடைத்தது. அச்சு நன்றாக இருக்கிறது. பதினான்காம் பக்கத்தைப் பல முறை படித்தேன். 'உள்ளூர் மொழிபெயர்ப்பாளரை முழுவதும் நம்பிவிடக் கூடாது என்பதே நான் வெளிநாட்டுப் பயிற்சியில் கற்ற முதல் பாடம். ஒரு வயதான பெண்ணின் ஆட்சேபம் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அதனால் சில மரங்களை இழந்தோம்.' முதல் வாக்கியத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அது உண்மை. மூன்றாவதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. மறுபதிப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். சில மரங்கள் அல்ல, பதினொன்று. இழந்தது அவள்.

கொட்டகை கட்டி முடித்துவிட்டார்கள். மாடுகள் இன்னும் வரவில்லை. வெட்டின இடத்தில் மழைக்கு மண் அரித்து, அடிக்கட்டைகளின் வேர் வெளியே தெரிகிறது. பச்சையம்மா இப்போது ஒடுகத்தூர்ப் பக்கம் கடலைக்குக் களை வெட்டப் போகிறாள். ஆறு நாள் கீழே இருந்துவிட்டு, ஒரு நாள் மேலே வருகிறாள். போன வாரச் சந்தையில் பார்த்தேன். சந்தையில் புளி விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தாள். வாங்குவதற்கு வெட்கப்பட்டு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

தாங்கள் விசாரித்ததைச் சொன்னேன். "பொஸ்தகத்துல என் பேரு கீதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பின்ன இன்னாதான் எழுதிக்கீது? படி" என்றாள்.

பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒரு வரியையும் விடவில்லை. என்னைப் பற்றிய வரியையும் விடவில்லை. அவளுக்கு அதுவரை தெரியாது. டைரக்டர் தான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பிறகு ஏமாற்றிவிட்டார் என்றே இந்த ஐந்து வருடமும் நினைத்திருந்தாள். என்னைக் காறித் துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நீயா கோர்ட்டு ஐயா?" என்று மட்டும் கேட்டாள். பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன் திரும்பினாள்.

"தனக்குத் தெரியாதுன்னா எழுதிக்கீது அந்தப் பாப்பா? நீ பயந்தவன், வுடு. அது என் பக்கத்துலதானே குந்திக்கினு இருந்துது? நான் பேசப் பேச 'ம்... ம்...'னு சொல்லிக்கினே இருந்துது. அதுக்குப் புரிஞ்சிடிச்சு, அது சொல்லிக்கும்னு நம்பித்தான் நான் ஒக்காந்தேன். ஒன்ன நம்பி இல்ல."

அவள் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் எழுதியிருக்கிறேன். தங்களுக்கு இதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சாட்சரம்